பதினொன்றாம் வீட்டில் அசைவு

நாள் 1. 12:20
பொருள்: காவல் தொடக்கம்

இருபத்து நாலு வீட்டு அலாரமும் 11:52-க்கு ஆன் ஆகிவிட்டது. பாலிசியில் போட்டிருந்த கெடு நண்பகல் பன்னிரண்டு. எட்டு நிமிடம் கையில் மிச்சம். இரண்டாம் கப்பல் 12:05-க்குக் கிளம்பியது.

இந்தக் குறிப்பேட்டைக் கேட்டது காப்பீட்டுக் கம்பெனி. நூறு நாள் கழித்து அடுத்த கப்பலில் வரும் சர்வேயர் இதைப் படிப்பார். ஐயா, வணக்கம். என் பெயர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்து மூன்று, ஊர் தென்காசிப் பக்கம், தொழில் அலாரம் பொருத்துவது. நிலவில் வெண்பாறைக் குடியிருப்பு என்கிற இந்தச் சுரங்க ஊரில் இப்போது இருக்கும் ஒரே ஆள் நான். சூரியப் புயல் அடங்கும்வரை சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அறுபத்து இரண்டு பேரும் நேற்று ஒரு கப்பல், இன்று ஒரு கப்பல் என்று பூமிக்குப் போயாயிற்று. என்னை மட்டும் ஏன் விட்டார்கள் என்றால், எனக்காக அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க யாரும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

பாலிசியின் நிபந்தனைகளைப் போன மாதம் கூட்டம் போட்டு நானேதான் படித்துக் காட்டினேன். வீட்டுக்கு வீடு அலாரம் வேண்டும். அலாரம் ஆன் ஆனதும் கதவு வெளியிலும் பூட்டும், உள்ளேயும் பூட்டும். சுவரைத் துளைத்து வருகிற திருடன் கதவு வழியாகச் சாமானை இறக்கக் கூடாதாம். நிலவில் எந்தத் திருடன் சுவரைத் துளைப்பான் என்று என்னைக் கேட்காதீர்கள். வீட்டுக்குள் மின்சாரம், தண்ணீர், போன் எல்லாம் நின்றுவிடும். காற்று மட்டும் குறைந்த அளவில் ஓடும். ஒரு மாதத்தில் மூன்று பொய் அலாரம் அடித்தால் காப்பீடு ரத்து. கம்பெனி அனுமதி இல்லாமல் யார் கதவை உடைத்தாலும் ஊர் முழுவதற்கும் ரத்து. டெக்னீஷியன் கையில் மாற்றுச் சாவி இருக்கக் கூடாது. இங்கே இருப்பது நான் ஒருத்தன்தான். அப்படியானால் திருடன் யாராக இருக்க முடியும் என்று கம்பெனி நினைக்கிறது, புரிகிறது அல்லவா?

கோபப்பட்டு என்ன செய்ய? இத்தனை நிபந்தனைக்கும் ஒத்துக்கொண்டால்தான் பிரீமியத்தில் கால் பங்கு குறையும். மிக்சி முதல் வீணைவரை அத்தனையும் பூமியிலிருந்து எடை கட்டிக் கொண்டுவந்த சாமான்.

ஒரு குறிப்பு. இரண்டாம் கப்பலில் ஓர் இருக்கை காலி. பயணப் பட்டியலில் பதினொன்றாம் வீட்டுப் பரமார்த்தலிங்கத்தின் பெயருக்கு எதிரே டிக் இல்லை. துளைபோடும் இயந்திரம் ஓட்டுகிறவர், தனி ஆள், அறுபதை நெருங்குகிறார். பன்னிரண்டாம் வீட்டு முப்பிடாதியைக் கேட்டேன். "அவரு நேத்தே போயிட்டாரு அண்ணாச்சி. சாவி நம்ம வீட்டு ஆணியிலதான் தொங்குது, பாருங்க" என்றார். பார்த்தேன், தொங்கியது. இங்கே ஊருக்குப் போகிறவர்கள் எல்லோருமே சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். சாவி பக்கத்து வீட்டில் இருந்தால் ஆள் ஊரில் இல்லை என்று பொருள். டிக் போட்டுவிட்டேன்.

நாள் 2. 10:15
பொருள்: அலாரம், வீடு 11

09:31-க்கு மணி அடித்தது. பதினொன்றாம் வீட்டு முன்னறையில் பெரிய அசைவு. பெரிய அசைவு என்றால் ஆள் நடமாடும் அளவு. அது நேராகப் பூமிக்குப் போய்விடும். எங்கள் அலாரம் கம்பெனியின் திருநெல்வேலி அலுவலகத்திலிருந்து ஜெபக்கனி உடனே பேசினாள்.

"அண்ணாச்சி, என்ன அது? ஆன் பண்ணி ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள அடிக்கி?"

ஆள் யாரும் இல்லை, வீடு குளிரும்போது அப்படித்தான் எதையாவது காட்டும் என்றேன். இருபது டிகிரியிலிருந்து ஆறு டிகிரிக்கு இறங்குகிறதே, சுவர் சுருங்கும், திரை ஆடும். அவள் அதைப் பொய் அலாரம் ஒன்று என்று பதிந்தாள். எனக்கு எரிச்சல். இருபத்தெட்டு வருடமாகச் சென்சார் மாட்டுகிறேன். என் சென்சார் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

நேரில் போய்ப் பார்த்தேன். காவல் அறையிலிருந்து பதினொன்று அறுநூறு மீட்டர். பூட்டு சரி, சீல் சரி. கதவு ஒரு முழம் கனம், காற்றழுத்தம் தாங்கும் கதவு. காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காது. திரும்பிவிட்டேன்.

நாள் 3. 16:40
பொருள்: அலாரம், வீடு 11, மறுபடியும்

15:58. அதே அறை, பெரிய அசைவு. பொய் அலாரம் இரண்டு. ஜெபக்கனி அழாத குறை.

"இன்னும் ஒண்ணு அடிச்சா போச்சு அண்ணாச்சி. அறுவத்தி ரெண்டு பேரும் வந்து நம்ம சட்டையப் பிடிப்பாவ. என்னமாச்சும் செய்ங்க."

என்னத்தைச் செய்ய? கதவைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். முன்னறையில் காற்று வரும் துளைக்கு எதிரே பரமார்த்தலிங்கம் ஒரு தினசரிக் காலண்டர் மாட்டியிருந்தார், சென்சார் பொருத்தப் போனபோது பார்த்த ஞாபகம். ஆணி கழன்று காலண்டர் ஊசலாடுகிறது. இதுதான் காரணம். எழுதி அனுப்பிவிட்டேன்.

நாள் 4. 18:00
பொருள்: வழக்கமான நிலை

பெரிய அசைவு எதுவும் இல்லை. ஆனால் பதினொன்றில் சிறு அசைவு விட்டுவிட்டு வருகிறது. சிறு அசைவு பூமிக்குப் போகாது. என் பேனலில் மட்டும் ஒரு பச்சை விளக்கு எரியும். நான் "பார்த்தேன்" என்ற பொத்தானை அழுத்தினால் அணையும். அப்போது வீட்டுக்குள் சென்சாரில் சிவப்புப் புள்ளி இரண்டு முறை மின்னும். உன்னைக் கவனித்துவிட்டோம் என்று திருடனுக்குத் தெரியட்டும் என்பதற்காக வைத்தது.

இன்று பன்னிரண்டு தடவை எரிந்தது. பன்னிரண்டு தடவையும் அழுத்தினேன்.

சமைத்தேன். ரசம் வைத்தேன், உப்பு கூடிவிட்டது. சொல்லிக் குறைபட ஆள் இல்லாததால் நானே என்னைத் திட்டிக்கொண்டு சாப்பிட்டேன்.

நாள் 5. 17:25
பொருள்: வழக்கமான நிலை

ஐயா, சர்வேயரே, இதை நீங்கள் கிறுக்குத்தனம் என்று நினைத்தாலும் சரி. இந்தப் பச்சை விளக்கு எனக்குப் பழகிவிட்டது. காலையில் பேனல் முன்னால் உட்கார்ந்து, "என்ன பதினொண்ணு, எழுந்தாச்சா?" என்று கேட்டேன். சொல்லி வைத்தது மாதிரி எரிந்தது. அழுத்தினேன். மறுபடி எரிந்தது. மறுபடி அழுத்தினேன். அரை மணி நேரம் இப்படியே நானும் காலண்டரும் பேசிக்கொண்டிருந்தோம். வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்பை நானே கேட்டு நாலு நாள் ஆகியிருந்தது.

இருபத்து மூன்று வீடும் கம்மென்று கிடக்கிறது. இது ஒன்றுதான் பதில் சொல்கிறது. தனியாக இருப்பது எனக்குப் புதிதல்ல என்றுதான் பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன். தென்காசியில் தனியாக இருந்தால் அடுத்த தெரு சத்தமாவது கேட்கும். இங்கே என் மூச்சுதான் கேட்கிறது.

மாலையில் ரோந்து போனபோது பதினொன்றாம் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஏதோ லேசாக அதிர்ந்தது. காற்றுப் பம்பாக இருக்கும்.

நாள் 6. 11:10
பொருள்: சென்சார் திருத்தம், வீடு 11

08:44-க்குப் பச்சை விளக்கு எரிந்து மஞ்சளுக்குத் தாவியது. மஞ்சளுக்கு அடுத்தது மணி. அது மட்டும் அடித்திருந்தால் மூன்றாவது பொய் அலாரம், காப்பீடு காலி.

ஜெபக்கனியிடம் கேட்டேன். "நீங்களே அதைக் கொறச்சு வைங்க அண்ணாச்சி. ஒரு சென்சார் தூங்குனா ஒண்ணும் கெட்டுப்போவாது" என்றாள். பாலிசியில் பார்த்தேன். காரணம் எழுதிவிட்டு ஒரு வீட்டின் சென்சாரை முப்பது நாள்வரை நிறுத்தி வைக்கலாம்.

மனம் வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நான் காப்பீட்டுக்காகத் தயங்கவில்லை, துணை போய்விடுமே என்று தயங்கினேன். காலண்டரைப் போய்த் துணை என்கிறேன் பாருங்கள். இரண்டு மணி நேரம் பேனலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நான்கு தடவை எரிந்தது, நான்கு தடவையும் பதில் சொன்னேன். பிறகு 10:50-க்கு நிறுத்திவிட்டேன்.

காரணம்: பொய் அலாரத்தைத் தவிர்க்க.

நாள் 7. 18:30
எல்லாம் சரி. குறிப்பிட ஒன்றுமில்லை.

நாள் 8. 18:30
எல்லாம் சரி. ஊர் முழுக்க அமைதி. இந்த அமைதிக்குத்தான் சம்பளம். ரசத்தில் இன்று உப்பே போட மறந்துவிட்டேன்.

நாள் 9. 13:05
பொருள்: அவசரம்

ஜெபக்கனி 12:20-க்குப் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, பதறாதிய. ஒக்காந்து கேளுங்க. ரெண்டு கப்பல்ல வந்தவங்களுக்கும் இன்னைக்குத்தான் மருத்துவச் சோதனை முடிஞ்சு வெளிய விட்டாவ. மொதக் கப்பல்ல வந்த பேச்சித்தாய் அக்கா, முப்பிடாதி அண்ணன் வீட்டுக்காரி, வெளிய வந்ததும் அண்ணன்கிட்டக் கேட்டிருக்காவ, 'பரமார்த்தம் அண்ணனக் கையப் பிடிச்சுக் கப்பல்ல ஏத்துனியளா'ன்னு. அவிய, 'அவரு ஒங்கூட மொதக் கப்பல்லதான வந்தாரு'ன்னிருக்காவ. இல்லியாம் அண்ணாச்சி. அவருக்குக் கடுங்காய்ச்சலாம். எந்திரிக்க முடியலன்னு, கஞ்சி கொடுக்கப் போறதுக்குத்தான் அக்காகிட்டச் சாவியக் கொடுத்திருக்காரு. ஊருக்குப் போறதுக்குக் கொடுக்கல."

அவள் அழுதாள் என்று நினைக்கிறேன்.

பேச்சித்தாய் ஆணியில் மாட்டிய சாவி. முப்பிடாதி பார்த்த சாவி. நான் பார்த்த சாவி, இப்போது பன்னிரண்டாம் வீட்டுப் பூட்டுக்குள் இருக்கிற சாவி. அதைப் பார்த்துவிட்டு டிக் போட்டேன். கெடுவுக்கு எட்டு நிமிடம் இருக்கிறது என்று பெருமையாகப் பொத்தானை அமுக்கினேன். காய்ச்சலில் படுத்திருந்த மனிதரை உள்ளே வைத்து நானே பூட்டியிருக்கிறேன்.

12:41. பதினொன்றின் சென்சாரை மறுபடி ஆன் செய்தேன். எதுவும் எரியவில்லை.

நாள் 9. 14:10

காப்பீட்டுக் கம்பெனியின் வைத்தீஸ்வரன் லைனில் வந்தார். மரியாதையான ஆள், குறை சொல்ல மாட்டேன்.

"மிஸ்டர் ஆவுடையப்பன், நிலைமை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பூட்டைத் திறக்க வீட்டு உரிமையாளரின் சம்மதம் தேவை."

உரிமையாளர் உள்ளே கிடக்கிறார் ஐயா என்றேன்.

"அது இன்னும் உறுதியாகவில்லை. நீங்களே காலண்டர் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். உயிருள்ள ஆள் என்பதற்குச் சென்சார் பதிவு ஏதாவது காட்டுங்கள். மேலே பேசி இருபத்து நாலு மணி நேரத்துக்குள் சொல்கிறேன். அதுவரை கதவைத் தொட வேண்டாம். தொட்டால் இருபத்து நாலு வீட்டுக்கும் பாதுகாப்பு போய்விடும். இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்."

நான் எழுதிக் கொடுத்த காலண்டர் என் கழுத்தைப் பிடிக்கிறது. பேனலையே பார்க்கிறேன். எரி. எரியேன்.

நாள் 9. 16:52

16:49-க்கு எரிந்தது. ஒரே ஒரு தடவை. பச்சை. அழுத்தினேன். மறுபடி எரியவில்லை.

பதிவை அனுப்பினேன். "பார்த்தோம், பரிசீலிக்கிறோம்" என்று வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 12:20-க்கு எனக்குத் தெரியும். இப்போது ஐந்தாகப் போகிறது. நாலரை மணி நேரம் நான் கதவுப் பக்கம் போகவில்லை, அனுமதிக்காகக் காத்திருந்தேன். கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் இருக்கிறேன், உங்கள் சாமானில் ஒரு ஸ்பூன்கூடக் குறையாது" என்று சொன்னவன் நான். அந்தச் சொல்தான் காலைக் கட்டியது. நாசமாய்ப் போக, அந்தச் சொல்லும் நானும்.

கட்டர் எடுத்துக்கொண்டு போகிறேன். எவனுக்கு எது ரத்தானாலும் ஆகட்டும்.

நாள் 10. 07:40
பொருள்: கதவு உடைப்பு, வீடு 11

உடைத்தது நான்தான். ஆவுடையப்பன், உரிம எண் பதிவில் உள்ளது. 17:20-க்குத் தொடங்கி 23:05-க்கு முடிந்தது. மூன்று பிளேடு போயிற்று. சைரன் ஆறு மணி நேரம் விடாமல் அலறியது. எல்லா வீட்டு விளக்கும் சிவப்பாக மின்னியது. பூமியிலிருந்து என்னென்னவோ பேசினார்கள், காதில் வாங்கவில்லை.

உயிர் இருந்தது.

முன்னறைத் தரையில் சென்சாருக்கு நேர் கீழே கிடந்தார். வீட்டில் இருந்த போர்வை எல்லாவற்றையும் சுற்றியிருந்தார். பக்கத்தில் குடிதண்ணீர் கேன், காலி. காலண்டர் சுவரில் ஆணியோடு அசையாமல் தொங்கியது. நாள் 1-இன் தாளோடு கிழிக்கப்படாமல் இருந்தது.

தூக்கி என் அறைக்குக் கொண்டுவந்தேன். இங்கே எடை குறைவு என்றாலும் அதற்கும் குறைவாக இருந்தார். சூடு வைத்து, சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தேன். பூமியிலிருந்து மருத்துவர் சொல்லச்சொல்ல ஊசி போட்டேன். இரண்டு தடவை தப்பாகக் குத்திவிட்டேன்.

விடிகிற நேரம் என்று கடிகாரம் சொன்னபோது கண் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். பேசினார். மெதுவாகத்தான், ஆனால் தெளிவாக.

"லைட்டு ரெண்டு தட மின்னுச்சு. கைய அசைச்சேன், மின்னுச்சு. திருப்பி அசைச்சேன், திருப்பி மின்னுச்சு. நீ பாத்துட்டேன்னு தெரிஞ்சுபோச்சு." மூச்சு வாங்கினார். "பொறவு எதுக்குல அணைச்ச?"

நாள் 10. 15:30

கஞ்சி காய்ச்சப் போனேன். திரும்பி வந்தேன். அவர் அதே கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சாவி ஆணியில் தொங்கியது, டிக் போட்டது, காலண்டர் என்று நினைத்தது, விளையாட்டாக அழுத்திக்கொண்டிருந்தது எல்லாம் சொன்னேன். ரெண்டு பொய் அலாரம் ஆகிவிட்டது, மூன்றாவது அடித்தால் காப்பீடு ரத்து, அதனால் நிறுத்தினேன் என்றேன். சொல்லும்போதே எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மோட்டுவளையைப் பார்த்தார்.

"அப்ப நான் மூணாவதாக்கும்" என்றார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து என் செவிட்டில் ஒன்று வைத்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் கஞ்சியை இரண்டு வாய் குடித்தார், நல்லாருக்கு என்றார், கண்ணை மூடிக்கொண்டார்.

நாள் 11. 10:00

காய்ச்சல் நூற்று மூன்று. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் முன்னால் சூடான இடத்துக்கு வந்திருந்தால் பயமில்லை என்றார் மருத்துவர். இரண்டு நாள். நாள் 7, நாள் 8. மேலே புரட்டிப் பாருங்கள் ஐயா, அந்த இரண்டு நாளுக்கும் என்ன எழுதியிருக்கிறேன் என்று. எல்லாம் சரி.

பதினொன்றாம் வீட்டுக்கு அவருடைய மாற்றுத் துணி எடுக்கப் போனேன். கட்டிலுக்கு அடியில் கைத்துளைக் கருவி இருந்தது. சுரங்கத்தில் அவர் பயன்படுத்துவது. பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தது. கதவின் பூட்டுத் தண்டை அதனால் அரை நாளில் துளைத்திருக்கலாம். அவர் கைக்குப் பாறையே வழிவிடும், இந்தக் கதவு எம்மாத்திரம்?

கருவியை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். ஏன் என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன். எனக்கு அவர் மேல் கோபப்பட என்ன யோக்கியதை என்று தெரியவில்லை, ஆனால் வந்தது.

அவர் சொன்னது: "நீதானல கூட்டத்துல படிச்ச. கதவ யாரு ஒடைச்சாலும் ஊரு பூராவுக்கும் போயிரும்னு. பேச்சி அந்த வீணையத் தூக்கிட்டு வர என்ன பாடுபட்டா தெரியுமா? நம்ம ஒருத்தனுக்காவ எதுக்கு எல்லாருக்கும் நட்டம்? மொத ரெண்டு நாளு எழுந்து நடந்து பாத்தேன். பொறவு லைட்டு மின்னுச்சுல்லா. சரி, ஆவுடையப்பன் பாத்துட்டான், முறைப்படி சொல்லித் தெறப்பான்னு கெடந்தேன். அணைஞ்ச பொறவு தொளைக்கலாம்னு பாத்தேன். மிஷினத் தூக்கக் கையில வலு இல்ல."

நான் மின்னவைத்த லைட்டை நம்பித்தான் கையில் வலு இருந்த நாளெல்லாம் சும்மா படுத்திருந்திருக்கிறார்.

நாள் 12. 14:20

பரமார்த்தலிங்கம் 13:48-க்கு இறந்தார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேசுவார் என்று குனிந்து குனிந்து பார்த்தேன்.

ஜெபக்கனி லைனில் இருந்தாள். "நீங்க என்ன செய்வீய அண்ணாச்சி, நாந்தான கொறைக்கச் சொன்னேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவளுக்கு இருபத்தாறு வயது. உன் மேல் தப்பில்லை தாயி, பொத்தானில் இருந்தது என் விரல் என்றேன். லைனைத் துண்டித்துவிட்டேன்.

நாள் 13. 11:00
பொருள்: காப்பீட்டுக் கம்பெனியின் கடிதம்

வைத்தீஸ்வரன் அனுப்பியது, முழுமையாக:

"தங்களுக்கு ஏற்பட்ட துயரத்துக்கு வருந்துகிறோம். உயிர் காக்கும் நோக்கில் கதவு உடைக்கப்பட்டதாக எங்கள் குழு முடிவு செய்துள்ளது. ஆகவே வீடு 11 மட்டும் பாலிசியிலிருந்து நீக்கப்படுகிறது. மற்ற இருபத்து மூன்று வீடுகளுக்கும் பாதுகாப்பு எந்தத் தடையுமின்றித் தொடரும். அவற்றின் அலாரங்கள் தொடர்ந்து ஆனில் இருக்க வேண்டும், கதவுகள் திறக்கப்படக் கூடாது என்பது நிபந்தனை."

எந்தத் தடையுமின்றி. இதை ஒன்பதாம் நாள் 14:10-க்குச் சொல்லியிருக்கலாம். அதற்கும் முன்னால் நானே கேட்டிருக்கலாம். ஆறாம் நாளே கேட்டிருக்கலாம்.

ஊர்க்காரர்கள் நல்ல சேதி என்று நிம்மதியடைந்திருக்கிறார்களாம். தப்பு சொல்ல மாட்டேன். பேச்சித்தாய் மட்டும் மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம்.

நாள் 15. 16:15

அவரைக் குளிர் அறையில் வைத்திருக்கிறேன். அடுத்த கப்பல் வர எண்பத்தைந்து நாள். வேட்டி கட்டி, விபூதி பூசி, தெரிந்த அளவுக்குச் செய்தேன்.

பேனலைப் பார்க்க முடியவில்லை. இருபத்து மூன்று விளக்கும் அணைந்திருக்கின்றன. அணைந்திருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று பொருள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லையா? என் சென்சார் பொய் சொல்லாது. அது சொன்னதை நான்தான் காலண்டர் என்றேன். மற்ற வீடுகளில் யார் பெயருக்கு எப்படி டிக் போட்டேன்? அறுபத்தொரு பேரும் வந்துசேர்ந்தார்கள் என்று ஜெபக்கனி பட்டியலைப் படித்துக் காட்டினாள். மூன்று தடவை படிக்கச் சொன்னேன். பட்டியல் என்னிடமும்தான் இருந்தது.

நாள் 16. 12:30
பொருள்: அலாரம் நிறுத்தம், எல்லா வீடுகளும்

பூட்டுகளுக்குப் போகும் மின்கம்பி வீடுகளுக்குள்தான் ஓடுகிறது; திறந்து கிடக்கும் பதினொன்றுக்குள் போய் அதை 09:00-க்கு வெட்டினேன். இருபத்து மூன்று கதவும் திறந்துகொண்டன. யாரும் என்னைத் தூண்டவில்லை, எனக்குப் புத்தி பேதலிக்கவும் இல்லை. என் முழு நினைவோடு செய்தேன். பாதுகாப்பு போயிற்று என்று எனக்குத் தெரியும். காப்பீடு போன கோபத்தை என் மேல் காட்டட்டும், என் சம்பளம் முழுவதையும் பிடித்துக்கொள்ளட்டும்.

"அண்ணாச்சி, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன், திருப்பிப் போடுங்க. ஆளுக யாரும் இல்ல அண்ணாச்சி. எல்லாரும் இங்கதான் இருக்காவ. நான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன்."

உன் கண்ணால் பார்த்தாய் ஜெபக்கனி. நான் பார்க்கவில்லையே.

நாள் 16. 19:00

ஒன்றிலிருந்து இருபத்து நாலுவரை. ஒவ்வொரு அறை, கட்டிலுக்கு அடியில், அலமாரி, குளியலறை. யாரும் இல்லை.

நாள் 17. 18:20

மறுபடி பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். கூப்பிட்டுவிட்டு ஒவ்வொரு வாசலிலும் நூறு எண்ணும்வரை நிற்கிறேன். காய்ச்சலில் இருப்பவர்கள் எழுந்து வர நேரமாகும்.

நாள் 19

நேரம் பார்க்கவில்லை. பன்னிரண்டில் நூறு போதாது என்று தோன்றியதால் இருநூறு எண்ணினேன். பேச்சித்தாயின் வீணையை யாரும் தொடவில்லை. பூமியிலிருந்து கூப்பிடுகிறார்கள், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்தால் எண்ணிக்கை விட்டுப்போகும்.

யாரும் இல்லை. இருபத்து நாலு வீட்டிலும் யாரும் இல்லை. இன்று உறுதியாக எழுதுகிறேன், யாரும்

இல்லை, இருங்கள். பதினேழில் உள் அறையைப் பார்த்தேனா? பார்த்த ஞாபகம் வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.